சைரனுக்குப் பிறகு ஆறு பாட்டுகள்

மதுரை
12.11.2002

பாண்டி,

அனுப்பியவர் பெயரைப் பார்த்த பிறகும் கவரைப் பிரித்திருக்கிறாய் என்றால் எனக்குப் பாதி நிம்மதி. உன் முகவரியைக் கோகுல்நாத்திடம் வாங்கினேன். "தாரேன், ஆனா நான் தந்தேன்னு மட்டும் சொல்லிராத, அவன் என்னையக் கொன்னேபுடுவான்" என்றான். சொல்லிவிட்டேன். நீயும் அவனும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் பண்ணியிருக்கலாமே என்பாய். எனக்குப் பேசத் தடை. குரல் நாணில் முடிச்சு விழுந்து, போன வாரம் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதலாம். நம் சைரன் இசைக்குழுவில் நான்கு வருஷம் மைக்கைக் கடித்துக்கொண்டு கத்தினேன். அப்புறம் ஆறு வருஷம் மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவைப் பார்த்துக் கத்தினேன். எதனால் இந்த முடிச்சு என்று டாக்டர் கேட்டார். 'பி' பிரிவு என்று எழுதிக் காட்டினேன். கையில் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரிகிறேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை என்று என் கணவர் ஜனகராஜ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் திரும்பப் பாடப் போகிறேன். இந்த முறை என் பெயரில், தனியாக. ஆறு பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். கத்துகிற பாட்டு ஒன்றுகூட இல்லை. எழுந்து ஆட முடியாது, உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். ஐந்து தமிழ், ஒன்று எங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷை. இங்கிலீஷ் தவிர வேறு எதையும் பாட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள்தான் நான், சிரிக்காதே. கோகுலும் கரண்ட் கிடாரை மூட்டை கட்டிவிட்டு மரக் கிடாரை எடுத்திருக்கிறான். பிப்ரவரி 9, ஞாயிறு மாலை, தல்லாகுளம் பக்கம் ஒரு சின்ன அரங்கம். இருநூறு நாற்காலி.

தாளத்துக்கு நீ வேண்டும். குச்சியால் அடிக்க வேண்டாம், கம்பி பிரஷால் டிரம்மின் தோலைத் தடவினால் போதும். நாம் பேசி எட்டு வருஷம் ஆகப் போகிறது என்பது எனக்கு மறக்கவில்லை. அந்தக் கடைசிக் கச்சேரியைப் பற்றி எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வருகிறாயா, அதை முதலில் சொல்.

ஹம்சவேணி


சமயநல்லூர்
20.11.2002

திருமதி ஹம்சவேணி ஜனகராஜ் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. நான் கப்பலூரில் தகர டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். டிரம்ஸை விற்று ஏழு வருடம் ஆகிறது. வாசிக்கும் பழக்கம் விட்டுப்போனது. வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வருவதிலேயே பொழுது போய்விடுகிறது. ஆகவே என்னால் இயலாது. தங்கள் முயற்சி வெற்றி பெற வாழ்த்துகள்.

இப்படிக்கு,
ச. பால்பாண்டி


மதுரை
23.11.2002

பாண்டி,

திருமதியா? தங்களா? வெற்றி பெற வாழ்த்துகளா? கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்பும் குத்தியிருக்கலாமே. அதுவும் கார்டில். தபால்காரர் படித்து, பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா படித்து, "யாரு இந்தப் பால்பாண்டி, வரமாட்டேங்கிறாரு?" என்று கேட்ட பிறகுதான் என் கைக்கே வந்தது. சிலேட்டில் எழுதிச் சண்டை போட முடியாது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

வேலை, பஸ், பழக்கம் எல்லாம் சாக்கு என்று எனக்குத் தெரியும். அந்தக் கச்சேரிதான் காரணம். சரி, நானே சொல்கிறேன்.

1995 பிப்ரவரி. இன்ஜினியரிங் காலேஜ் கலைவிழா. இரண்டாயிரம் பேர். அன்று காலையில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாற்றிக்கொள்ள நேரமில்லை, பட்டுப்புடவையோடு ஓடிவந்து வேனில் ஏறினேன். நீ பார்த்துவிட்டு, "கல்யாணமானா பாட்டு அம்புட்டுத்தான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தப் பயம் எனக்கே இருந்தது. மேடையில் மூன்றாவது பாட்டில் நீ தாளத்தை வேகமாக ஓட்ட ஆரம்பித்தாய். திரும்பிப் பார்த்தேன், கையைக் காட்டினேன். நீ நிறுத்தவில்லை. உன்னைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று மேலே மேலே போனேன். தொண்டைக்குள் ஏதோ கிழிந்தது, குரல் நின்றுவிட்டது. வேண்டுமென்றே செய்கிறாய் என்று நினைத்தேன். மிச்சமிருந்த குரலில் மைக்கில் சொன்னேன்: "நிறுத்துடா! இதென்ன எழவு வீடா?"

எங்கள் வீட்டில் யாராவது சத்தம் போட்டால் அம்மா சொல்லும் வார்த்தை அது. அதை உன்னைப் பார்த்து, கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால் சொன்னால் அது வேறு எங்கே போய் விழும் என்று யோசிக்கவில்லை. முன்வரிசையில் சிலர் சிரித்த விதத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கோகுல் அன்றைக்கே திட்டினான். உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன், அப்புறம் அடுத்த வாரம் என்று நினைத்தேன், அப்புறம் என்ன முகத்தோடு போவது என்று விட்டுவிட்டேன்.

தப்பு என்னுடையது, பாண்டி. மன்னித்துவிடு. கச்சேரிக்கு வருவதற்காகக் கேட்கவில்லை. வராவிட்டாலும் மன்னித்துவிடு.

வேணி

பி.கு. இனி கார்டில் எழுதாதே.


சமயநல்லூர்
5.12.2002

ஹம்சவேணிக்கு,

இன்லண்ட் வாங்கி ஒரு வாரம் சட்டைப்பையிலேயே இருந்தது. இன்று ஷிப்டில் பிரஸ் மிஷின் ரிப்பேர், அதனால் எழுதுகிறேன்.

அந்த வார்த்தை வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் உன் வார்த்தையைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிகம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நம் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் சீட்டுக் கம்பியில் சாவு வீட்டுப் பறை அடி அடித்துக்கொண்டே வந்தார்கள். சமயநல்லூர் ஸ்டாப் வரும்வரை அடித்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது ஒருவன் "வாரோம் மாப்ள" என்றான். அடுத்த வாரமே டிரம்ஸை விற்றேன்.

நீ மன்னிப்புக் கேட்டது எனக்குப் பெரிய விஷயம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை பாண்டிமீனாவைப் படிக்கச் சொன்னேன், என் மனைவி. படித்துவிட்டு, "பாவம், அந்தப் பொண்ணு இம்புட்டு எழுதியிருக்கே, போயி வாசிச்சாத்தான் என்ன, குடியா முழுகிரும்?" என்றாள். அவளுக்கு உண்மை தெரியும், தெரிந்தும் கேட்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், நம்பு. அன்றைக்கு நான் வேண்டுமென்று ஓட்டவில்லை. பெண் பார்த்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எப்படி ஆனது என்று கேட்காதே. ஆனால் உன் தொண்டை கிழிந்தது என்னால்தான், அது எனக்குத் தெரியும். இன்னொரு தடவை அதைச் செய்ய நான் தயாரில்லை. நல்ல ஆளாக வேறு யாரையாவது பார். மதுரையில் டிரம்மருக்கா பஞ்சம்?

பால்பாண்டி


மதுரை
24.12.2002

பாண்டி,

ஞாயிற்றுக்கிழமை நானும் ஜனகராஜும் ஸ்கூட்டரில் உன் வீட்டு வாசலில் வந்து நின்றதை நீ எதிர்பார்க்கவில்லை. உன் மனைவி போட்ட காப்பிக்கும் பணியாரத்துக்கும் நன்றி. அவரும் நானும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், நீ வாயே திறக்கவில்லை. ஸ்கூட்டரில் திரும்பும்போது ஜனகராஜ், "உன் பிரெண்டு ரொம்ப அடக்கமான ஆளு" என்றார். உன்னையா!

நான் கவனித்ததை எழுதிவிடுகிறேன். நீ முற்றத்துக் குழாயில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாய், எனக்கு முதுகைக் காட்டி. "பாண்டி" என்று கூப்பிட்டேன். பேச அனுமதி கிடைத்து மூன்றே வாரம், குரல் இன்னும் பிஞ்சு. நீ திரும்பவில்லை. என் குரல் நாலடிகூடப் போகவில்லை, இதை வைத்துக்கொண்டா இருநூறு பேர் முன்னால் பாடப் போகிறேன் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். அப்புறம் ஜனகராஜ் கூப்பிட்டார், அவர் கடையில் துணி விற்கிறவர், அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். அதற்கும் நீ திரும்பவில்லை. பாண்டிமீனா வந்து உன் தோளைத் தொட்டார்.

உள்ளே உட்கார்ந்த பிறகு நீ என் கண்ணைப் பார்க்கவே இல்லை. வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தலையைத் திருப்பிப் பேசும்போதெல்லாம் உன் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் வாத்தியார், பாண்டி. கடைசி பெஞ்சில் கேட்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியும்.

எத்தனை நாளாக?

வேணி


சமயநல்லூர்
2.1.2003

வேணி,

பத்து வருஷமாக.

நீ கேட்டுவிட்டாய், இனி மறைத்து என்ன? காலேஜ் இரண்டாம் வருஷமே காதில் ஒரு விசில் ஆரம்பித்தது. ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போனால் இரண்டு நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். அப்புறம் போகவில்லை. கோகுலின் ஆம்ப்ளிஃபையர் என் காதுக்கு நேராக இருந்தது நினைவிருக்கிறதா? தள்ளி வை என்று சொல்லியிருக்கலாம். டிரம்மருக்குக் காது கேட்கவில்லை என்றால் குழுவில் யார் வைத்துக்கொள்வீர்கள்? அதனால் சொல்லவில்லை.

எப்படி வாசித்தேன் என்று கேட்பாய். உன் காலைப் பார்த்து வாசித்தேன். பாடும்போது உன் வலது குதிகால் தரையைத் தட்டும், உனக்கே தெரியுமோ என்னவோ. வெள்ளை கேன்வாஸ் ஷூ. நீ ஓட்டினாலும் இழுத்தாலும் குதிகால் சரியாகச் சொல்லிவிடும். இரண்டு வருஷம் அதை வைத்துத்தான் சமாளித்தேன். ஒருவருக்கும் தெரியாது.

அன்றைக்கு நீ புடவையில் வந்தாய். மேடையில் உட்கார்ந்து கீழே பார்த்தேன், ஜரிகைக் கரைதான் தெரிந்தது. முதல் இரண்டு பாட்டு எப்படியோ பழக்கத்தில் போய்விட்டது. மூன்றாவதில் தாளம் கையை விட்டுப் போனது. போய்விட்டது என்று தெரிகிறது, எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. பயத்தில் இன்னும் வேகமாக அடித்தேன். நீ கையைக் காட்டியதை 'இன்னும் ஏற்று' என்று எடுத்துக்கொண்டேன். இதுதான் நடந்தது.

இப்போது பிரஸ் மிஷினும் சேர்ந்துகொண்டது. போன வருஷம் டாக்டரிடம் காட்டினேன். கீச்சென்ற சத்தமெல்லாம் போய்விட்டதாம், கனத்த சத்தம் மிச்சமிருக்கிறதாம். கம்பெனியில் சொல்லவில்லை. தெரிந்தால் வேலை என்னாகுமோ என்று பயம். பாண்டிமீனாவுக்கு மட்டும் தெரியும், இப்போது உனக்கும்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் வர முடியாது என்று? உன் தொண்டைக்கு இது கடைசி வாய்ப்பு. அதை ஒரு செவிட்டு ஆள் கையில் கொடுக்காதே.

பாண்டி


மதுரை
6.1.2003

பாண்டி,

மடையா.

அந்த ஒரு வார்த்தையோடு கடிதத்தை முடித்திருப்பேன், ஜனகராஜ்தான் கூட நாலு வரி எழுதச் சொன்னார்.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எட்டு வருஷம் நான் உன்னைக் கெட்டவன் என்று நினைத்தேன். நீ அத்தனை வருஷமும் அந்தப் பழியைச் சும்மா சுமந்திருக்கிறாய். "வேணி, எனக்குக் கேக்கல" என்று மூன்று வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? அந்த ஷூவைக் கழற்றி உன் தலையிலேயே வைத்திருப்பேன். கோகுலிடம் சொன்னேன், மன்னிக்கணும், அவனுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

என் பக்கத்தையும் கேள். முடிச்சை எடுத்த பிறகு என் மேல்குரல் போய்விட்டது. பழைய பாட்டில் ஒன்றின் உச்சியைக்கூட இனி என்னால் தொட முடியாது. இருப்பதை வைத்துப் பாடு, அழுத்தினால் மறுபடி முடிச்சு விழும், இன்னொரு அறுவைக்கு இந்தத் தொண்டை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு என்னைத் தெரியும். முன்னால் ஆளைப் பார்த்தால் எனக்குப் பதற்றம் வரும், பதற்றம் வந்தால் கத்துவேன். கோகுல் இரண்டு டிரம்மர்களைக் கூட்டிவந்தான். நல்ல பையன்கள், கை துறுதுறுவென்கிறது. அவர்கள் வாசித்ததும் நான் ஏற ஆரம்பித்துவிட்டேன். அன்று ராத்திரி முழுக்கத் தொண்டை வலித்தது. எனக்கு மெதுவாக வாசிக்கிறவன் வேண்டும், அதுவும் கத்தாதே என்று பயந்து பயந்து வாசிக்கிறவனாக வேண்டும். உன்னைவிடப் பயந்தவன் மதுரையில் கிடைப்பானா?

உனக்கும் மேல்சத்தம் போய்விட்டது, எனக்கும் போய்விட்டது. மிச்சத்தை வைத்துப் பார்ப்போம்.

பொங்கல் முடிந்த ஞாயிறு, 19-ஆம் தேதி, ஜனகராஜின் புடவைக் கிடங்கில் ஒத்திகை. நான் சுடிதார் போட்டுக்கொண்டு உன் கண்ணுக்கு நேரே நிற்கிறேன். டிரம் கோகுல் ஏற்பாடு செய்துவிட்டான்.

வேணி


சமயநல்லூர்
13.1.2003

வேணி,

ஞாயிற்றுக்கிழமை வாரேன். பாண்டிமீனாவும் வாராளாம்.

பாண்டி


சமயநல்லூர்
11.2.2003

வேணி,

கச்சேரி முடிந்ததும் உன்னைச் சுற்றி ஒரே கூட்டம். கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் எனக்கு விளங்காது. அதனால் டிரம்மைக் கட்டிக் கோகுல் வண்டியில் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டேன். நான் கோபித்துக்கொண்டு போனதாக நீ நினைக்கிறாய் என்று கோகுல் பக்கத்துக் கடை போனில் பாண்டிமீனாவிடம் சொன்னானாம். போன தடவை மாதிரி இதையும் எட்டு வருஷம் இழுக்க வேண்டாம் என்று உடனே எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. நேற்று மேனேஜரிடம் காதைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதத்திலிருந்து பிரஸ்ஸை விட்டு ஸ்டோருக்கு மாற்றுகிறார்கள், காதுக்கு மிஷின் பார்க்கவும் சொன்னார். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஒத்திகை மூன்று வாரமும் நான் உன் காலைப் பார்த்துத்தான் வாசித்தேன். காதில் ஏதாவது விழுந்தாலும் அதை நம்பவில்லை. கச்சேரியில் முதல் நான்கு பாட்டும் அப்படித்தான். ஐந்தாவது, உங்கள் வீட்டுப் பாஷைப் பாட்டு. இரண்டாவது வரியில் கரண்ட் போனது. விளக்கு போச்சு, மைக் போச்சு, ஃபேன் போச்சு. பழைய சைரனாக இருந்தால் அத்தோடு கடையைக் கட்டியிருப்போம். கோகுல் நிறுத்தவில்லை, மரக் கிடாருக்குக் கரண்ட் எதற்கு? நீ நிறுத்தினாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இருட்டில் உன் காலும் தெரியவில்லை. பிரஷ் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைக் இல்லை, இனி கத்தப் போகிறாள், எல்லாம் போகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

நீ கத்தவில்லை. இன்னும் இறக்கிப் பாடினாய். ஃபேன் இரைச்சலும் நின்றிருந்தது, இருநூறு பேரில் ஒருவர்கூட இருமவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. கனத்த குரல், லேசான கரகரப்பு, ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சின்ன இழுப்பு. பாஷை புரியவில்லை, அதனால் குரலை மட்டும் கேட்டேன். நீ மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷைத் தோலில் வைத்தேன். சரியாக விழுந்தது. விளக்கு வந்த பிறகும் நான் உன் காலைப் பார்க்கவில்லை. கடைசிப் பாட்டு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசித்தேன். வீட்டுக்கு வந்ததும் பாண்டிமீனா, "எதுக்கு அழுதுக்கிட்டே வாசிச்சீக?" என்றாள். வேர்வை என்றேன். அவள் நம்பவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நேரில் சொல்ல எனக்கு வராது. சைரனில் நான்கு வருஷம் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். என் டிரம்முக்கும் அந்த ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் உன் பாட்டு ஒரு வரிகூட எனக்கு முழுதாகக் கேட்டதில்லை. முடிந்ததும் ஜனம் கை தட்டும். சரி, நன்றாகத்தான் பாடியிருப்பாள் என்று வைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாகக் கேட்டேன். நீ ரொம்ப நன்றாகப் பாடுகிறாய், வேணி.

பாண்டி